ஜிப்ஸிக்குப் பின் டிஃப் லாக்: எதைப் போடலாம், எதைத் தொடக்கூடாது

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு மாருதி ஜிப்ஸி, எஞ்சின் கம்பெனியில் வந்தபடியே. வாரநாளில் பொள்ளாச்சிக்குள் ஓட்டம், மாதம் இரண்டு முறை எஸ்டேட் பாதையும் ஓடைக்கரையும், மழைக்காலத்தில் குடும்பத்தோடு வால்பாறை. பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு (திருப்பத்தில் இரண்டு பின் சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற பற்சக்கர அமைப்பு) லாக்கர், அதாவது அந்த இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற பூட்டு, போட ஆசை. ஏர் லாக்கரா, எலெக்ட்ரிக்கா, விலை குறைந்த ஆட்டோமேட்டிக்கா, இல்லை மெக்கானிக் சொன்னபடி உள்ளே வெல்டிங் வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்கிறேன். வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது திறக்கிற லாக்கரைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். காற்றில் இயங்குகிறதா, மின்சாரத்தில் இயங்குகிறதா என்பது அடுத்த கேள்விதான். ஆட்டோமேட்டிக் உங்கள் வண்டிக்கு வேண்டாம். வெல்டிங் பேச்சையே எடுக்காதீர்கள். காரணம் உங்கள் வால்பாறை ரோட்டில் இருக்கிறது. அங்கே வருவதற்கு முன்னால் டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்பது மனதில் படமாகப் பதிய வேண்டும்.

வயலில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதே இல்லை. சேற்று உழவில் ஒரு பெரிய சக்கரம் வழுக்கி அதே இடத்தில் சுற்றும். மறு சக்கரம் கெட்டி மண்ணில் நின்றாலும் அசையாது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். வழுக்குகிற சக்கரத்தைச் சுற்ற ஒன்றுமே தேவைப்படாதபோது, பிடிப்புள்ள சக்கரத்துக்கும் அந்த 'ஒன்றுமில்லை'தான் போய்ச் சேரும். அப்போது டிராக்டர் ஓட்டுநர் இரண்டில் ஒன்று செய்வார். வழுக்குகிற பக்கத்து பிரேக்கை மட்டும் மிதிப்பார். டிராக்டரில் இடது வலது பிரேக் தனித்தனி என்பதால் அது முடியும். இல்லையென்றால் குதிகாலால் டிஃப் லாக் பெடலை அழுத்துவார். இரண்டு சக்கரமும் ஒரே இரும்புபோல் சேர்ந்து சுற்றி வண்டி ஏறிவிடும். எனக்கு என் அப்பா இதைச் சொல்லிக் கொடுத்தபோது வயது பத்தோ பதினொன்றோ. பெடலைப் போட்டபடி ஸ்டியரிங்கைத் திருப்பாதே என்பதைத்தான் அவர் அதிகம் சொன்னார்.

இன்றைக்கு விற்கிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் இந்த இரண்டு வழிகளும் இருக்கின்றன. மாருதி ஜிம்னியிலும் மஹிந்திரா தாரின் சில வகைகளிலும் வருகிற பிரேக் லாக்கிங், வழுக்குகிற சக்கரத்தின் பிரேக்கைக் கம்ப்யூட்டர் மிதிக்கிற ஏற்பாடு. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும், டொயோட்டா ஹைலக்ஸில் பின்னால் மட்டும் கம்பெனியே கொடுக்கிற லாக், டிராக்டர் பெடலின் வழி வந்தது. உங்கள் ஜிப்ஸியில் இரண்டுமே கிடையாது. போதாததற்கு லீஃப் ஸ்பிரிங். பட்டை விறைப்பாக இருப்பதால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் தூக்கிக்கொள்ளும். முன்னால் ஒன்று, பின்னால் குறுக்காக ஒன்று என்று இரண்டு சக்கரம் அந்தரத்தில் நின்றால், ஃபோர் வீல் போட்டிருந்தும் ஜிப்ஸி நகராது. அதனால்தான் ஜிப்ஸிக்குப் போடுகிற ஒரு பின் லாக்கர், அதே விலைக்குச் செய்கிற வேறு எந்த வேலையைவிடவும் கூடுதல் பலன் தரும் என்று நம்புகிறேன்.

ஆனால் லாக்கருக்குப் பணம் கட்டுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். நீங்கள் மாட்டிக்கொள்கிற அதே இடத்துக்குப் போய், டயர் காற்றை 16, 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டுகிற ஃபோர் வீல் கியர்), முதல் கியர், பதற்றமில்லாமல் ஒரே சீராக ஆக்சிலரேட்டர். பாதி இடங்களில் வண்டி தானாக ஏறிவிடும். மீதிப் பாதிக்குத்தான் லாக்கர். மொட்டை டயரோடு லாக்கர் போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான்.

சரி, இப்போது வகைகளுக்கு வருகிறேன்.

வெல்டிங் என்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற சின்னப் பற்சக்கரங்களான ஸ்டார் பினியன்களை ஒன்றோடொன்று பற்றவைத்துவிடுவது. சக்கரங்களைச் சுற்றுகிற இரண்டு ஆக்ஸில் தண்டும் நிரந்தரமாக ஒன்றாகிவிடும். சேற்றுப் போட்டிக்கு மட்டும் டிரெய்லரில் போய் வருகிற வண்டிக்கு அது சரி. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு ஏன் கூடாது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜிப்ஸியின் இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 1.3 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி அரை வட்டம் திரும்புகிறது. வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட எவ்வளவு அதிகம் போக வேண்டும்? 1.3-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 4 மீட்டருக்குச் சற்று மேல். வளைவு அகலமோ குறுகலோ, அரை வட்டம் திரும்பினால் இந்த வித்தியாசம் மாறாது. ஜிப்ஸி டயரின் சுற்றளவு 2 மீட்டரை ஒட்டி இருக்கும். ஆக ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வெளிச்சக்கரம் ஏறக்குறைய இரண்டு சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். வெல்டு வைத்த ஆக்ஸிலில் அந்த இரண்டு சுற்றையும் டயர் ரோட்டில் தேய்த்துத்தான் தீர்க்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசிகள்.

காய்ந்த ரோட்டில் டயர் தேயும், ஆக்ஸில் முறுகும். ஈரத்தில் நடப்பது வேறு. என் நண்பர் ஒருவர் வெல்டு வைத்த ஜிப்ஸியில் ஆடி மாதத் தூறலில் வால்பாறை இறங்கினார். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஸ்டியரிங் முழுதாக ஒடித்திருக்கிறது, முன் சக்கரம் வளைவைப் பார்த்துத் திரும்பி இருக்கிறது, வண்டி மட்டும் நேராகத் தடுப்புச் சுவரை நோக்கிப் போகிறது. பின்னால் இருக்கிற இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றி வண்டியை நேராகத் தள்ளுகின்றன. நடைவேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்பதால் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். அடுத்த மாதமே அவர் பழைய டிஃபரன்ஷியலை மாட்டினார். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் அந்தச் சுவர்தான் என் கண்ணுக்கு வந்தது.

ஆட்டோமேட்டிக் லாக்கரில் இரண்டு ரகம். டெட்ராய்ட் லாக்கர் போல முழு கேரியராக (ஸ்டார் பினியன்களைத் தாங்குகிற கூடு) வருவது ஒன்று. பழைய கேரியரை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற ஸ்டார் பினியன்களுக்குப் பதிலாகப் பல் வைத்த இரும்புத் துண்டுகளைப் போடுவது இன்னொன்று. இரண்டாவதை லஞ்ச்பாக்ஸ் லாக்கர் என்கிறார்கள். லாக் ரைட், ஆஸி லாக்கர் என்ற பெயர்களில் ஜிப்ஸியின் வெளிநாட்டு உடன்பிறப்பான சாமுராய்க்கு வருகிறவை இந்த ரகம்தான். விலை குறைவு, கிரௌன் வீல், பினியன் (எஞ்சினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குத் திருப்புகிற பெரிய, சின்னப் பற்சக்கர ஜோடி) செட்டிங்கைக் கலைக்க வேண்டாம், காற்றுக் குழாயோ ஒயரோ ஸ்விட்சோ கிடையாது. நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை.

சிக்கல் அதன் குணத்தில் இருக்கிறது. எஞ்சின் இழுக்கும்போது அது பூட்டியே இருக்கும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் முந்தி ஓடினால் மட்டும் அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்கும், 'டிக் டிக் டிக்' என்ற சத்தத்தோடு. திருப்பத்தின் நடுவே ஆக்சிலரேட்டரை மிதித்தாலோ விட்டாலோ 'டங்' என்று பிடித்து, பின்பக்கத்தை ஒரு பக்கமாக இழுத்துவிடும். நீளமான கனத்த வண்டியில் இது பழகிவிடும். ஜிப்ஸி வெறும் ஆயிரம் கிலோ சொச்சம், குட்டை வீல்பேஸ். ஈரமான வளைவில் அந்த 'டங்' ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும். அதுவும் வண்டியை வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார் என்றால் நிச்சயம் வேண்டாம். பழகாதவர் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவார். விடும்போதுதான் அது குதிக்கும்.

தாரில் வருகிற, ஈட்டன் கம்பெனியின் மெக்கானிக்கல் லாக் இதிலிருந்து வேறு. 2015-இல் வந்த புது முகத் தாரிலிருந்து இருக்கிறது. சாதாரணமாகத் திறந்தே இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நிமிடத்துக்கு நூறு சுற்று அளவு வித்தியாசம் வந்தால் உள்ளே இருக்கிற சின்னக் குண்டு விரிந்து கொக்கியில் மாட்டி லாக்கை இழுக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் போலத் தாண்டிவிட்டால் லாக் விழவே விழாது. தார் வைத்திருக்கிற பலர் 'என் வண்டியில் லாக் வேலை செய்யவில்லை' என்பார்கள். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், அதுதான் காரணம். காலை எடுக்காமல் சீராக ஒரு நொடி பிடித்தால் 'டக்' என்று விழும். உங்களுக்கு ஜிப்ஸி என்பதால் இதை இதற்குமேல் வளர்க்கவில்லை. தார் வைத்திருக்கிற நண்பர் யாராவது லாக்கர் வாங்கப் போகிறேன் என்றால் முதலில் இந்த ஒரு நொடியைச் சொல்லிக் கொடுங்கள்.

வழுக்கலை ஓரளவு மட்டும் தடுக்கிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கியர் வகை லிமிடெட் ஸ்லிப் ரோட்டில் அருமையாக இருக்கும். ஆனால் சக்கரம் அந்தரத்தில் நின்றால் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. பிரேக்கை லேசாக மிதித்து ஏமாற்ற வேண்டும். சக்கரம் தூக்குவதுதான் ஜிப்ஸியின் நோயே. அதற்கு இந்த மருந்து போதாது.

ஆக மிஞ்சியது ஸ்விட்ச் போட்டுப் பூட்டுகிற வகை. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பெனி 1987-இல் ராபர்ட்ஸ் என்ற டிஃப் லாக்கின் உரிமையை வாங்கி ஏர் லாக்கர் ஆக்கியது. ஜீப் கம்பெனி 2003-இல் ரேங்லர் ரூபிகானில் முன்னும் பின்னும் காற்று லாக்கைத் தொழிற்சாலையிலேயே போட்டுக் கொடுத்தது. 2007-இல் வந்த அடுத்த தலைமுறை ரூபிகானில் அதை மின்சாரத்துக்கு மாற்றியது. இரண்டு வழியும் காடு மேடு பார்த்துத் தேறியவை.

ஏர் லாக்கரில், ஸ்விட்சைத் தட்டினால் கம்ப்ரஸரிலிருந்து ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ காற்று நீலநிறக் குழாய் வழியே டிஃபரன்ஷியலுக்குள் போய் ஒரு பிஸ்டனைத் தள்ளும், கியர் பூட்டிக்கொள்ளும். முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் பிடி விடாது. கூடவே கம்ப்ரஸர் வந்துவிடுவதால் இறக்கிய டயருக்கு அங்கேயே காற்றடித்துக்கொள்ளலாம். எனக்கு இது பெரிய லாபமாகத் தெரிகிறது. குறை அந்தக் குழாயில்தான். ஒருமுறை ஓடை ஏறும்போது காய்ந்த கிளை ஒன்று என் வண்டியின் குழாயை உருவிவிட்டது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது, லாக் விழவில்லை. அன்றிலிருந்து குழாயை ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல்பக்கமாக, பிரேக் பைப்பை ஒட்டி, தடித்த ரப்பர் உறைக்குள் விட்டிருக்கிறேன். டேஷ்போர்டில் இரண்டடி உபரிக் குழாயும் ஒரு ஜாயின்டும் எப்போதும் கிடக்கும். இன்னொரு அறிகுறியையும் தெரிந்துகொள்ளுங்கள்: லாக்கை எடுக்கும்போது சோலனாய்டு (காற்றைத் திறந்து மூடுகிற மின்சார வால்வு) வாயில் காற்றோடு கியர் ஆயில் துப்பினால், உள்ளே கசிவைத் தடுக்கிற ஓ-ரிங் வளையம் போய்விட்டது என்று பொருள்.

எலெக்ட்ரிக்கில் ஒயர் மட்டும்தான் உள்ளே போகும். மாட்டுவது எளிது, கசிய ஒன்றுமில்லை. ஈட்டன் வகை இ-லாக்கரில் முன்னால் போய்க்கொண்டிருந்து ரிவர்ஸ் போட்டால், ஒரு கணம் திறந்து கொஞ்சம் சுற்றிய பிறகு மறுபடி பூட்டும். பாறையில் அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் ஆட்டுகிற ஆளுக்கு இது எரிச்சல் தரும். உங்கள் எஸ்டேட் பாதைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒயரைச் சேறும் கல்லும் படாமல் கட்டுவது முக்கியம்.

இரண்டில் எது? ஜிப்ஸியின் ஆக்ஸிலுக்குச் சரியாகப் பொருந்துவது எது உங்கள் கைக்குக் கிடைக்கிறதோ அதுதான். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பணம் கட்டுமுன் பின் ஆக்ஸில் ஷாஃப்ட்டைக் கழற்றி அதன் நுனியில் இருக்கிற ஸ்ப்ளைன் பற்களை எண்ணுங்கள். கிரௌன் வீலிலும் பினியனிலும் எத்தனை பல், கிரௌன் வீலைப் பிடிக்கிற போல்ட் எத்தனை, என்ன அளவு, சைடு பேரிங் நம்பர் என்ன, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபோட்டோவோடு விற்பவருக்கு அனுப்பி, பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய ஜிப்ஸிகளில் முன் சொந்தக்காரர் ஆக்ஸிலையே மாற்றியிருக்கக்கூடும். ஆர்சி புத்தகத்தைப் பார்த்து ஆர்டர் போட்டு, வந்த பெட்டியைத் திறந்து தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டுமே கிடைக்கிறது என்றால் உங்களுக்கு நான் ஏர் லாக்கரைச் சொல்வேன், அந்தக் கம்ப்ரஸருக்காகவே.

மாட்டுகிற கை யாருடையது என்பதற்கு, வாங்குகிற பொருளுக்குக் கொடுக்கிற அதே கவனத்தைக் கொடுங்கள். ஜிப்ஸியில் ஒரு வசதி: கிரௌனும் பினியனும் சேர்ந்த பகுதி ஹவுசிங்கிலிருந்து மொத்தமாக முன்னால் கழன்று வந்துவிடும். மேசை மேல் வைத்து நிதானமாகச் செட் செய்யலாம். கேரியரை மட்டும் மாற்றுவதால் பினியனின் ஆழத்தைத் தொட வேண்டாம். ஆனால் கிரௌன் வீலின் பேக்லாஷை (பற்களுக்கு நடுவே விடுகிற இடைவெளி) டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கம்பெனி மேனுவலில் சொல்லியிருக்கிற அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற கணக்கில் இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்து 'சரியா இருக்குங்க' என்பதை ஏற்காதீர்கள். பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றினால், பதிவு பல்லின் நடுவே விழ வேண்டும்; ஓரத்தில் விழுந்தால் மறுபடி செட்டிங்.

என் முதல் லாக்கரை ஒரு ஒர்க் ஷாப்பில் டயல் கேஜ் இல்லாமலே மாட்டினார்கள். அறுபதில் போனால் பின்னாலிருந்து ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். மூன்று மாதத்தில் திறந்து பார்த்தபோது கிரௌன் வீலின் நான்கு பற்களில் ஓரம் உதிர்ந்திருந்தது. இரும்புத்தூளைப் பிடிக்கிற மேக்னெட் பிளக் முழுக்க வெள்ளிப் பொடி. அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் முதலில் 'டயல் கேஜ் இருக்கா?' என்று கேளுங்கள். வெல்டிங் வைக்கச் சொன்னவர் அதே ஆள் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அப்புறம், ஆயில் எது என்று லாக்கர் தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் படித்து அதையே ஊற்றுங்கள். லிமிடெட் ஸ்லிப்புக்கான கலவை போட்ட ஆயில் எல்லா லாக்கருக்கும் ஆகாது. முதல் ஆயிலை 1000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். ஹவுசிங்கைத் திறந்திருக்கும்போதே உள்ளே காற்று போய்வருகிற பிரீதர் குழாயை மேலே உயர்த்தி இழுத்துவிடுங்கள், ஓடைத் தண்ணீர் உள்ளே இறங்காது.

பின்னால் லாக் போட்டால் ஆக்ஸில் உடையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உடையலாம். ஜிப்ஸி எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 103 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் லோ ரேஞ்ச் முதல் கியரில் எல்லா கியரும் பெருக்கி, ஆக்ஸிலுக்கு வரும்போது அது 3000-ஐத் தாண்டும். மூன்று சக்கரம் வழுக்கி ஒன்று மட்டும் பாறையைப் பிடித்தால், கிட்டத்தட்ட அத்தனையும் ஒரே ஷாஃப்டில் இறங்கும். பெரிய டயர் போட்டால் பிடிப்பும் கூடும், ஒடிகிற வாய்ப்பும் கூடும். பழைய ஷாஃப்ட் ஒன்றை உதிரியாக வண்டியில் வைத்திருங்கள். ஒரு ஷாஃப்ட் உள்பக்கம் ஒடிந்தாலும், லாக்கைப் போட்டால் மறுபக்கச் சக்கரம் இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும் என்பது கூடுதல் நன்மை.

ஓட்டுகிற முறையில் இரண்டு விஷயம் மட்டும். லாக்கைத் தடைக்கு முன்னால், சக்கரம் நிற்கும்போதோ ஊரும்போதோ போடுங்கள். ஒரு சக்கரம் வெறியோடு சுற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சைத் தட்டினால் பல் உதிரும். எடுக்கும்போது விளக்கு உடனே அணையாவிட்டால் பயப்படாதீர்கள். ஆக்ஸில் முறுக்கேறி இருக்கும். ஸ்டியரிங்கை நேராக்கி நாலடி முன்னும் பின்னும் நகர்த்தினால் விட்டுவிடும்.

இரண்டாவது, சரிவில் குறுக்காகப் போகும்போது. இதைப் பலர் சொல்லித் தருவதில்லை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது சும்மா உருண்டபடி பக்கவாட்டுப் பிடியை விடாமல் வைத்திருக்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும், பக்கவாட்டுப் பிடி இரண்டிலும் போய்விடும், வண்டியின் பின்பக்கம் அப்படியே பள்ளத்தின் பக்கம் வழுக்கி இறங்கும். தேயிலைச் சரிவின் சேற்றுப் பாதையில் லாக்கை எடுத்துவிட்டு மெல்லப் போங்கள்.

மாட்டி முடித்து வண்டியை எடுக்கிற அன்று ஒர்க் ஷாப்பிலேயே சோதித்துவிடுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னால் இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் தூக்குங்கள். டூ வீல் டிரைவ், கியரில் போட்டு எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். லாக் இல்லாமல் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஏர் லாக்கர் என்றால் கம்ப்ரஸரில் காற்று நிரம்பட்டும். பிறகு ஸ்விட்சைப் போட்டு மறுபடி சுற்றுங்கள். ஒரு விரற்கடை அசைந்து இரண்டும் இறுகி நின்றுவிட வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் வருடத்துக்கு ஒருமுறை இதையே வீட்டு வாசலில் செய்து பாருங்கள். பல மாதம் தொடாத லாக்கர்தான் தேவைப்படுகிற அன்று சிக்கிக்கொள்ளும்; அதனால் மாதம் ஒருமுறையாவது மண்தரையில் பூட்டித் திறந்து விடுங்கள்.